ஆறு பேர் தொடங்கிய காடு

முப்பது மீட்டர் உயரத்திலிருந்து விழும் நீர் கீழே வந்து சேர இரண்டரை விநாடி போதும். அதே நீர் அருவியின் தலைக்கு வந்து சேர வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில் ஆகியிருக்கும். அருவி பார்க்கப் போகிற நாம் அந்த இரண்டரை விநாடியை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறோம். இங்கே நான் சொல்ல வருவது மீதி மாதங்களின் கதை.

இடம், பிரேசில் நாட்டின் ரியோ டி ஜெனீரோ. அந்த நகரத்தின் நடுவே மலைகள் எழுந்து நிற்கின்றன. மலைகளைக் காடு மூடியிருக்கிறது. டிஜூக்கா தேசியப் பூங்கா என்பது அதன் பெயர். 1961இல் தேசியப் பூங்காவானது. பரப்பு ஏறக்குறைய 3,950 ஹெக்டேர். இதன் உச்சியான டிஜூக்கா சிகரம் ஆயிரம் மீட்டரைத் தாண்டுகிறது. இரு கைகளையும் விரித்து நிற்கும் புகழ்பெற்ற கிறிஸ்து சிலை இருக்கும் கோர்கோவாடோ மலையும் இந்தப் பூங்காவின் எல்லைக்குள்தான் வருகிறது. உலகத்திலேயே பெரிய நகர்ப்புறக் காடு இது என்று சொல்பவர்கள் உண்டு. அதே ரியோ நகருக்குள் இருக்கும் பெத்ரா பிராங்கா பூங்கா இதைவிட மூன்று மடங்கு பெரியது என்பதால் அந்தப் பட்டம் பொருந்தாது. எனக்கு அளவு முக்கியமாகப் படவில்லை. ஒருமுறை அழிந்து, மறுபடி வந்த காடு இது. அதுதான் என்னை இதன் பக்கம் இழுக்கிறது.

ஆல்ட்டோ டா போவா விஸ்ட்டா என்ற மேட்டுப் பகுதியில் பூங்காவின் வாசல். உள்ளே நுழைந்து சாலையோடு கொஞ்ச தூரம் நடந்தாலே காஸ்கட்டின்யா டோனே அருவி கண்ணில் படும். எதிரே ஒரு பாலம் இருக்கிறது. அங்கே நின்றுதான் எல்லோரும் பார்க்கிறார்கள். நைஸ் என்னும் கறுத்த பாறையில் இடித்து, உடைந்து, வெள்ளையாக இறங்குகிறது நீர். வெள்ளைக்குக் காரணம் காற்றுக் குமிழிகள்; குமிழிகளின் பரப்பில் பட்ட ஒளி எல்லாப் பக்கமும் சிதறுகிறது. தடையின்றி விழுந்தால் அடியில் நீரின் வேகம் மணிக்கு 87 கிலோமீட்டரைத் தொடும். பாறை அந்த வேகத்தைத் தின்றுவிடுகிறது. அப்படித் தின்ற ஆற்றல் வெப்பமாக மாறும். முழுவதும் நீருக்கே போனாலும் 0.07 டிகிரிதான் சூடேறும். நமக்கோ பாலத்தில் நிற்கும்போதே குளிர்கிறது. விழும் நீர் தன்னோடு காற்றையும் இழுத்துவந்து அடியில் வெளியே தள்ளுகிறது. அந்தக் காற்றில் கலந்த நுண்திவலைகள் ஆவியாகும்போது சுற்றிலும் உள்ள வெப்பத்தை எடுத்துக்கொள்கின்றன. பாறையில் மோதிச் சிதறும் திவலைகளால் அருவியைச் சுற்றியுள்ள காற்று மின்னேற்றமும் பெறுகிறது. 1892இல் பிலிப் லெனார்ட் என்ற இயற்பியலாளர் இதை ஆராய்ந்து எழுதினார்.

அருவியின் பெயரில் இருக்கும் டோனே ஒரு பிரெஞ்சு ஓவியர். நிக்கோலா அந்துவான் டோனே. நெப்போலியன் வீழ்ந்த பிறகு, 1816இல், கலைஞர் குழு ஒன்றோடு ரியோவுக்கு வந்து சேர்ந்தவர். இந்த அருவியின் பக்கத்திலேயே வீடு கட்டிக் குடியிருந்தார். 1821இல் அவர் பிரான்சுக்குத் திரும்பிவிட்டார். மகன் ஃபெலிக்ஸ் எமில் டோனே பிரேசிலிலேயே தங்கிவிட்டார். மகனும் ஓவியர். 1843ஆம் ஆண்டளவில் அவர் வரைந்த ஒரு பெரிய ஓவியத்தில் ஒரு பாதியில் அடர்ந்த காடு, மறு பாதியில் வெட்டிச் சாய்த்த மரங்கள். கன்னிக்காடு ஒன்று கரியாக்கப்படும் காட்சி என்பது ஓவியத்துக்கு அவர் வைத்த தலைப்பு. பிரேசிலில் காடழிப்பைப் பற்றி எழுந்த முதல் குரல்களில் ஒன்றாக அந்த ஓவியத்தை நான் வைப்பேன்.

அவர் கண்ணால் கண்டதைத்தான் வரைந்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டிஜூக்கா மலைகளில் காப்பி ஏறியது. மரங்களை வெட்டி, எரித்து, செங்குத்தான சரிவிலும் மேலிருந்து கீழாக வரிசை வைத்துக் காப்பிச் செடி நட்டார்கள். உழைத்தவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகளும் அவர்களுடைய பிள்ளைகளும். செடிகளுக்கிடையே களை எடுத்துக்கொண்டே இருந்ததால் மண் எப்போதும் வெறுமையாகக் கிடந்தது. மழை விழுந்தால் வரிசைகளுக்கு நடுவே நீர் வாய்க்காலாக ஓடி மண்ணை அரித்தது. சாரம் போன சரிவைக் கைவிட்டுவிட்டு அடுத்த சரிவை வெட்டினார்கள். காப்பிக்கு விட்ட மிச்சம் கரிக்கும் விறகுக்கும் போனது. நகரத்தின் அடுப்புகளெல்லாம் இந்த மலையை நம்பி எரிந்தன.

நகரத்தின் தண்ணீரும் இந்த மலையை நம்பித்தான் இருந்தது. கரியோக்கா ஓடையின் நீரை நகருக்குக் கொண்டுவந்த உயர்ந்த வளைவுப் பாலத்தை, 1750இல் கட்டி முடித்த அந்தக் கல் வளைவுகளை, இன்றைக்கும் லாப்பா பகுதியில் பார்க்கலாம். 1808இல் நெப்போலியனுக்கு அஞ்சிப் போர்ச்சுகல் அரச குடும்பமே ரியோவுக்குக் குடிபெயர்ந்த பிறகு நகரம் வீங்கியது. மலையில் காடு குறையக் குறைய, வறண்ட மாதங்களில் பொதுக் குழாய்கள் வற்றத் தொடங்கின. 1840களின் வறட்சி அரசை உலுக்கியது. மரத்தை வெட்டினால் நீர் குறையும் என்ற எண்ணம் அறிவாளிகளிடையே அப்போது பரவியிருந்தது. வெனிசுவேலாவின் வலென்சியா ஏரி சுருங்கிவருவதை 1800இல் நேரில் பார்த்த அலெக்சாண்டர் ஃபான் ஹம்போல்ட், சுற்றியிருந்த காட்டை அழித்ததே காரணம் என்று எழுதியிருந்தார். 1850களில் ரியோ அரசு ஊற்றுகளைச் சுற்றியிருந்த தோட்டங்களை விலைகொடுத்து வாங்க ஆரம்பித்தது. 1861 டிசம்பர் 11 அன்று, இரண்டாம் பெத்ரு பேரரசரின் ஆட்சியில், டிஜூக்காவிலும் பாய்னெய்ராஸ் பகுதியிலும் காடு வளர்ப்பதற்கான ஆணை பிறந்தது.

டிஜூக்காவின் பொறுப்பு மேஜர் மனுவேல் கோமஸ் ஆர்ச்சர் என்பவரிடம் போனது. அவர் கையில் முதலில் கொடுக்கப்பட்டவர்கள் ஆறு அடிமைகள். எலியுத்தேரியு, கொன்ஸ்தாந்தினு, மனுவேல், மத்தேயுஸ், லியோபோல்து, மரியா. ஐந்து ஆண்கள், ஒரு பெண். அவர்கள் தாமாக இந்த வேலைக்கு வந்தவர்கள் அல்லர், கூலியும் கிடையாது. பிரேசிலில் அடிமைமுறை ஒழிய இன்னும் 27 ஆண்டுகள் இருந்தன. கூலியாட்கள் பிறகு வந்து சேர்ந்தார்கள். எஞ்சியிருந்த காடுகளிலிருந்து கன்றுகளைத் தோண்டி எடுத்தும், ஆர்ச்சரின் சொந்தப் பண்ணையிலிருந்து கொண்டுவந்தும் நட்டார்கள். ஊற்றுகளின் கரையிலிருந்து தொடங்க வேண்டும் என்பது ஆணையில் இருந்த ஏற்பாடு. அந்த ஆறு பேரின் பெயரைப் பூங்காவுக்குப் போகும் ஒவ்வொருவரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை. ஓவியரின் பெயர் அருவிக்கு இருக்கிறது; அருவிக்கு மேலே உள்ள காட்டைத் தொடங்கிவைத்தவர்களின் பெயர் பலருக்குத் தெரியாது.

ஆர்ச்சர் 1874இல் விலகும்வரை எத்தனை மரம் நட்டார்கள் என்பதில் கணக்குகள் வேறுபடுகின்றன. அறுபதாயிரம் என்பார்கள், ஒரு லட்சத்தை நெருங்கும் என்பார்கள். பெரிய எண்ணையே எடுத்துக்கொள்வோம். பூங்காவில் டிஜூக்காக் காடு எனப்படும் பகுதி மட்டும் சுமார் 1,500 ஹெக்டேர். ஒரு லட்சம் மரத்தை அதில் பிரித்துப் போட்டால் ஹெக்டேருக்கு அறுபத்தேழு மரம் வரும். வளர்ந்த அட்லாண்டிக் மழைக்காட்டில் ஒரு ஹெக்டேரில், ஓரளவு பருத்த மரங்களை மட்டும் எண்ணினாலே ஐந்நூறுக்கு மேல் இருக்கும். நட்ட எல்லா மரமும் பிழைத்திருந்தாலும் இந்தக் காட்டின் பெரும்பகுதி யாரும் நடாதது.

அப்படியானால் மீதி எங்கிருந்து வந்தது? ஏறமுடியாத உச்சிச் சரிவுகளில் வெட்டாமல் விட்ட காடு துண்டுதுண்டாக இருந்தது. அங்கிருந்த பழங்களை வௌவாலும் பறவையும் தின்று, கைவிட்ட காப்பித் தோட்டங்களின்மேல் பறந்தபோது விதைகள் விழுந்தன. முதலில் எழுந்தவை வெயிலை விரும்பும் மரங்கள். செக்ரோப்பியா அவற்றில் ஒன்று; இலையின் அடிப்பக்கம் வெளுத்திருப்பதால் காற்றடிக்கும்போது தூரத்திலிருந்தே மலைச்சரிவில் வெள்ளித் திட்டாகத் தெரியும். அதன் தண்டு உள்ளே கூடாக இருக்கும். எறும்புகள் அதில் குடியிருந்து, இலை தின்ன வரும் பூச்சிகளை விரட்டுகின்றன. இவை வேகமாக வளர்ந்து நிழல் தந்த பிறகு, நிழலில் முளைக்கும் மரங்கள் அவற்றின் கீழே வந்தன. நட்ட மரங்கள் பறவைகளுக்குக் கிளை கொடுத்தன. கோடரியையும் கரிச்சூளையையும் மலையை விட்டு வெளியே நிறுத்திவைத்தது அரசு. இந்த இரண்டும் நடந்த இடத்தில் மற்றதைக் காடு தானே செய்துகொண்டது. இன்றைக்கும் பெருமரங்களின் அடியில் மெலிந்த காப்பிச் செடிகள் ஆங்காங்கே தென்படும். தோட்ட வீடுகளின் இடிந்த சுவர்களும் பாசிபிடித்துக் கிடக்கும்.

இப்போது நீருக்கு வருவோம். பூங்காவின் உயரமான பகுதிகளில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. கடல் காற்று மலையில் மோதி மேலேறிக் குளிர்வதால் கிடைக்கும் மழை அது. பெரிய மழைத்துளி ஒன்று விநாடிக்கு 9 மீட்டர் வேகத்தில் தரையை அடிக்கிறது. வெற்று மண்ணில் அந்த அடி விழுந்தால் மண்கட்டி உடைந்து, பொடி துளைகளை அடைத்து, மேற்பரப்பு இறுகிவிடும். பிறகு பெய்வதெல்லாம் வழிந்து ஓடும்.

மரத்தின் உச்சி விரிந்திருப்பதால் மண் தப்பிக்கிறது என்றுதான் பெரும்பாலும் நினைக்கிறோம். உண்மை அவ்வளவு எளிதல்ல. இலைநுனியில் நீர் சேர்ந்து சேர்ந்து பெரிய துளியாகிச் சொட்டுகிறது. மழைத்துளியைவிடப் பெரிய துளி. பத்து மீட்டர் உயரக் கிளையிலிருந்து சொட்டினால் தரைக்கு வருவதற்குள் அது ஏறக்குறைய தன் முழு வேகத்தையும் எட்டிவிடும். உயர்ந்த மரத்தின் கீழே மண் வெறுமையாக இருந்தால் அடி குறைவதற்குப் பதில் கூடக்கூடச் செய்யும். மண்ணைக் காப்பாற்றுவது தரையில் கிடக்கும் சருகு.

பாதையோரம் குனிந்து சருகை ஒதுக்கிப் பார்த்தால் இது புரியும். மேலே முழு இலைகள், காய்ந்து சுருண்டவை. அதற்குக் கீழே நரம்பு மட்டும் மிஞ்சிய இலைகள், ஒன்றோடொன்று ஒட்டி ஈரமாக. இன்னும் கீழே வெண்ணிறப் பூஞ்சை இழைகளும் நூல் போன்ற வேர்களும் பின்னிக் கிடக்கும். வேர்கள் மண்ணிலிருந்து மேலே ஏறி மக்கும் சருகுக்குள்ளேயே புகுந்திருக்கும். இந்தப் பின்னலைத் தூக்கினால் கறுத்த மண், அதில் மண்புழுவும் எறும்பும் கறையானும் போட்ட துளைகள், செத்த வேர் மக்கிப்போய் விட்டுச்சென்ற குழல்கள். விழுந்த துளி சருகில் தன் வேகத்தை இழந்து, இந்தத் துளைகளின் வழியே இறங்குகிறது. அடியில் பாறை உளுத்து மண்ணாகிக்கொண்டிருக்கும் அடுக்கு. பல மீட்டர் ஆழம் உண்டு. அதற்கும் கீழே நைஸ் பாறையின் வெடிப்புகள். அங்கெல்லாம் ஊர்ந்து, சரிவில் எங்காவது ஊற்றாக வெளியே வருகிறது. ரியோவில் மழை குறைவான ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான மாதங்களில் போனால் அருவி மெலிந்திருக்கும், ஆனாலும் விழுந்துகொண்டிருக்கும். அது முந்தைய கோடைமழையின் நீர். என்னைக் கேட்டால், பெருக்கெடுத்த அருவியைப் பார்ப்பதைவிட ஆகஸ்ட்டில் அந்த மெல்லிய நீரைப் பார்ப்பதே மேல் என்பேன்.

காடு ஒரு கடற்பஞ்சு, மழையை உறிஞ்சி வறட்சியில் பிழிந்து தரும் என்று பள்ளிப் பாடத்தில் படித்திருப்போம். நீரியல் அறிஞர்கள் இதை அப்படியே ஏற்பதில்லை. மரமும் நீர் குடிக்கிறது. வேரால் உறிஞ்சி இலைவழியே ஆவியாக விடுகிறது. இலையில் தங்கிய மழையில் ஒரு பகுதி தரைக்கு வராமலே ஆவியாகிவிடுகிறது. 1982இல் போஷ், ஹ்யூலெட் என்ற இருவர், உலகின் பல பகுதிகளில் நடந்த 94 நீர்ப்பிடிப்புச் சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். காட்டை வெட்டினால் ஓடையில் ஓடும் மொத்த நீர் கூடுகிறது, மரம் வளர்த்தால் குறைகிறது என்றே அவை காட்டின. ஹம்போல்ட் சொன்னதற்கு இது எதிராகத் தெரிகிறது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆண்டு முழுவதும் ஓடும் மொத்த நீர் ஒன்று. வறண்ட மாதத்தில் ஓடும் நீர் வேறொன்று. வெட்டிய சரிவில் கூடுதலாக ஓடும் நீரில் பெரும்பகுதி, மண் இறுகிப் போயிருந்தால், மழையன்றே வெள்ளமாகப் போய்விடும். குடிநீர்க் குழாய்க்கு வேண்டியது ஆகஸ்ட் மாதத்து நீர். மரம் குடிப்பதைவிட மண்ணுக்குள் அதிகமாக இறங்கினால்தான் அது கூடும். காப்பியால் கெட்டுப்போன டிஜூக்கா சரிவு போன்ற இடங்களில் அதற்கு வாய்ப்பு அதிகம். நல்ல மண் இருக்கும் புல்வெளியில் தைல மரத்தை வரிசையாக நட்டால் நேர்மாறாக, ஓடை வற்றவும் கூடும். 1861இல் ஆணை போட்டவர்களுக்கு இந்தக் கணக்கு தெரிந்திருக்க வழியில்லை. ஆனாலும் சரியான இடத்தில், சரியான வகையில் தொடங்கினார்கள்.

காடு எல்லாவற்றையும் தாங்கும் என்றும் நினைக்கக் கூடாது. 1996 பிப்ரவரியில் பெய்த பெருமழையில் டிஜூக்கா மலைத்தொகுதியின் சரிவுகள் பல இடங்களில் சரிந்தன. பாறைமேல் மெல்லிய மண் இருக்கும் செங்குத்துச் சரிவில், மண்ணுக்குள் நீர் நிறைந்து அழுத்தம் ஏறினால், வேர்ப்பிடிப்பும் ஓர் அளவுக்குமேல் உதவாது.

நகரத்தின் தாகம் இந்த மலையோடு நிற்கவில்லை. நட்ட மரங்கள் வளர்ந்து முடிவதற்குள் நகரம் அவற்றைத் தாண்டி வளர்ந்துவிட்டது. அதே நூற்றாண்டு முடிவதற்குள் தொலைவிலிருக்கும் டிங்குவா மலைகளிலிருந்து நீர் கொண்டுவந்தார்கள். இன்று ரியோவுக்கு முக்கியமான நீராதாரம் குவாந்து ஆறு. காட்டை எந்தக் காரணத்துக்காக வளர்த்தார்களோ அந்தக் காரணம் போய்விட்டது, காடு தங்கிவிட்டது. ஆர்ச்சருக்குப் பின் வந்த எஸ்க்ரன்யோல் பிரபு இதை நகர மக்கள் உலாவும் இடமாக மாற்றினார். பாதை, குளம், பாலம் எல்லாம் அவர் காலத்தில் வந்தன. பின்னர் கவனிப்பாரற்றுக் கிடந்ததை 1943 முதல் காஸ்ட்ரு மாயா என்ற செல்வர் முன்னின்று சீர்செய்தார்.

ஆனாலும் ஒரு குறை இருந்தது. மரம் திரும்பி வந்த அளவுக்கு விலங்கு வரவில்லை. சுற்றிலும் நகரம் சூழ்ந்துவிட்டதால், வேட்டையில் அழிந்தவை வேறு காட்டிலிருந்து நடந்து வர வழியில்லை. மரம் நிறைந்து விலங்கில்லாமல் நிற்கும் இத்தகைய காட்டை வெறுங்காடு என்று 1992இல் கென்ட் ரெட்ஃபோர்ட் என்ற உயிரியலாளர் குறித்தார். சின்ன விதையைக் குருவி தூக்கிப்போகும். பெரிய விதையை யார் தூக்குவது? தாய்மரத்தின் அடியிலேயே விழுந்து, வண்டு தின்று, அங்கேயே முடிந்துபோகும். 2010இல் ரெஃபாவுனா என்ற திட்டத்தின் ஆய்வாளர்கள் அகூட்டியைக் கொண்டுவந்து விட்டார்கள். முயலளவு இருக்கும், கொறித்துத் தின்னும் விலங்கு. தின்றது போக மீதி விதைகளை ஒவ்வொன்றாக வெவ்வேறு இடத்தில் புதைத்துவைக்கும். எடுக்காமல் விட்டது முளைக்கும். முள்நிறைந்த ஒருவகைப் பனையின் கெட்டியான விதைகள் அகூட்டி வந்த பிறகு மறுபடியும் இடம்பெயர்ந்து மண்ணுக்குள் போகத் தொடங்கியதை ஆய்வுகள் உறுதிசெய்தன. 2015இல் ஹவுலர் குரங்குகள் வந்தன. அவை பழம் தின்று கழிக்கும் எச்சத்தைச் சாணி வண்டுகள் உருட்டிப் புதைக்க, கூடவே விதையும் புதைகிறது. 2020இல் மஞ்சள்கால் ஆமைகள்.

இந்தக் கதையில் நம் ஊர் மரம் ஒன்றும் இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாயகமாகக் கொண்ட பலாவைப் போர்த்துகீசியர் பிரேசிலுக்குக் கொண்டுபோனார்கள். டிஜூக்காவில் அது கட்டுக்கடங்காமல் பரவி, சில சரிவுகளில் நாட்டு மரங்களை முளைக்கவே விடாமல் நிற்கிறது. பலாக்கொட்டை பெரியது, ஒரு பழத்தில் நூற்றுக்கு மேல் இருக்கும். மரத்தடி முழுக்கக் கன்றுகளாக முளைத்து மூடிவிடும். நமக்குச் சோறுபோட்ட மரத்தை அங்கே களை என்று சொல்வதைக் கேட்கும்போது மனம் ஏற்க மறுக்கிறது. ஆனால் அந்த மலைக்கு அது களைதான். பூங்காவினர் கன்றுகளைக் கையால் பிடுங்குகிறார்கள். பெரிய மரங்களை நின்ற நிலையிலேயே பட்டுப்போகச் செய்கிறார்கள். சிக்கல் என்னவென்றால், பலாப்பழத்தை அங்குள்ள விலங்குகள் விரும்பித் தின்னப் பழகிவிட்டன. காட்டுப் பழங்கள் குறையும் மாதங்களில் அது அவற்றுக்கு ஆகாரம். அகூட்டியும் பலாக்கொட்டையைத் தின்கிறது. தின்று தீர்த்தால் பலா குறையும். புதைத்துவிட்டு மறந்தால் பலா இன்னும் தூரம் போகும். எந்தச் சரிவில் எது நடக்கிறது என்பதைப் பார்த்துப் பார்த்துத்தான் அடுத்த மரத்தில் கைவைக்க வேண்டியிருக்கிறது.